பகா எண்ணும் ஸ்யாத்வாதமும்

கணிதம் பயிலும் நம் வீட்டுப் பிள்ளைகள், அநேகாந்தம் பற்றிய சொற்பொழிவு முடிந்ததும் எழுந்து கேட்கும் வினா ஒன்று உண்டு. ‘எப்பொருளைப் பற்றிய கூற்றுக்கும் ஸ்யாத் என்னும் சொல்லை முன்னே சேர்த்தல் வேண்டும் என்கிறீர்கள். 17 ஒரு பகா எண். இக்கூற்றுக்கும் ஸ்யாத் வேண்டுமோ? வேண்டுமாயின், ஒருகால் 17 பகா எண் அன்று என்றும் ஆகுமோ?’ என்பதே அவ்வினா.

இதற்குப் பெரியோர் கூறும் விடை பெரும்பாலும் இரண்டனுள் ஒன்றாக இருக்கும். கணிதம் வேறு, தத்துவம் வேறு, ஸ்யாத்வாதத்தை அங்கே கொண்டுசெல்ல வேண்டா என்பர் சிலர். உலகில் எதுவுமே முடிவானது அன்று, கணிதமும் மனிதர் வகுத்துக்கொண்டதே என்பர் வேறு சிலர். இரண்டும் பொருந்தா. முன்னது, எல்லாப் பொருளுக்கும் உரியதென ஆசாரியர் நிறுவிய கொள்கையை ஒரு சிறு எண்ணின் முன்னே மண்டியிடச் செய்கிறது. பின்னதோ இன்னும் கொடியது. எதுவும் முடிவானது அன்று என்றால் பொய் எது, மெய் எது என்பதும் முடிவாகாது. அங்ஙனமாயின் இல்லறத்தார் ஏற்கும் சத்திய அணுவிரதத்துக்குப் பொருள் யாது? பிள்ளைகளின் வினா விளையாட்டு வினா அன்று. நம் விரதத்தின் வேரைத் தொடும் வினா அது.

முதலில் பகா எண் என்பது யாது எனத் தெளிவோம். புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சித்தன்னவாசல் குன்றுக்கு யாத்திரை சென்று வந்தோர் இவ்விதழ் வாசகருள் பலர் இருப்பர். அறிவர் கோயில் விதானத்தில் தீட்டிய தாமரைப் பொய்கையைக் கண்டு, அது சமவசரணத்தின் காதிகா பூமி எனக் கேட்டறிந்து, அவ்வளவில் திரும்புவோரே மிகுதி. குன்றின் மறுபுறம் சென்று ஏழடிப்பட்டத்தை அடைவோர் குறைவு. செங்குத்தான பாறைச் சரிவில் அடி வைத்தற்கு வெட்டிய ஏழு குழிகளால் பெயர் பெற்ற இடம் அது. அங்குள்ள இயற்கைக் குகையில் நம் துறவியர் தங்கித் தவமிருந்த 17 கற்படுக்கைகள், தலையணை போல் உயர்த்திய தலைப்புறத்துடன், மழமழவெனத் தேய்ந்து கிடக்கின்றன. அவற்றுள் பெரியதன் அருகே உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, குமுழூரிற் பிறந்த ஒருவர்க்குச் செய்தளித்த அதிட்டானம் அது எனத் தெரிவிக்கிறது. கிறிஸ்துவுக்கு முற்பட்டதெனக் கருதப்படும் எழுத்து அது.

அப்படுக்கைகளில் தங்கிய பதினேழு துறவியரைச் சம எண்ணிக்கையுள்ள வரிசைகளாக அமர்த்த முயன்று பாருங்கள். பதினாறு பேராயின் நான்கு நான்காக அமர்த்தலாம். இரண்டு வரிசையில் எட்டெட்டாகவும் அமர்த்தலாம். பதினெண்மராயின் மும்மூன்றாக அமர்த்தலாம். பதினெழுவரை எவ்வாறு அமர்த்தினும் ஒருவரேனும் மிஞ்சுவர், அன்றி ஓரிடம் வெறிதாகும். ஒரே நெடுவரிசை, அல்லது தனித்தனியே பதினேழு பேர் என்பதன்றி வேறு வழியில்லை. ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத இத்தகைய எண்ணே பகா எண். ஏழடியின் ஏழும் அத்தகையதே. இதில் மறைபொருள் ஏதும் தேட வேண்டா. பாறை இடங்கொடுத்த அளவிற்குப் படுக்கைகள் அமைந்தன, அவ்வளவே. ஆயினும் 7, 17 என்னும் இவ்விரண்டும் பின்னர் நமக்குப் பயன்படும், நினைவிற் கொள்க.

அறிவர் கோயிலில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் திருப்பணி செய்ததையும், அது ஸ்ரீமாற ஸ்ரீவல்லப பாண்டியன் காலத்தில் நிகழ்ந்ததையும் அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது. அப்பாண்டியன் காலம் ஒன்பதாம் நூற்றாண்டு. அதே நூற்றாண்டில், 816இல், வீரசேனாசாரியர் ஷட்கண்டாகமத்துக்குத் தவளா என்னும் பேருரையை நிறைவு செய்தார். 850ஆம் ஆண்டளவில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் ஆட்சியில், மகாவீராசாரியர் கணிதசாரசங்கிரகம் இயற்றினார். சித்தன்னவாசலில் தூரிகை அசைந்துகொண்டிருந்த தலைமுறையிலேயே வடக்கே கன்னட நாட்டில் நம் சமயத்தார் கணக்கின் ஆழத்தை அளந்துகொண்டிருந்தனர். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியர் 1912இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்ததனாலேயே கணிதசாரசங்கிரகத்தை உலகம் அறிந்தது. இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்நூலின் பெருக்கல் கணக்குகள் சில, விடையைக் கண்டதும் கண்ணுக்கு விருந்தாகும்படி அமைந்தவை. 12345679ஐ 9ஆற் பெருக்கினால் ஒன்பது ஒன்றுகள் வரும். 152207ஐ 73ஆற் பெருக்கினால் 11111111 என எட்டு ஒன்றுகள் வரும். 142857143ஐ 7ஆற் பெருக்கினால் இருபுறமும் ஒன்றும் இடையே சுழிகளுமாக 1000000001 வரும். ஒரே முத்தாற் கோத்த மாலை போல் விளங்கும் இத்தகைய விடைகளை ஆசாரியர் கழுத்தணியாகவே வருணித்து மகிழ்கிறார். கணக்கு அமைக்கும் ஆசிரியர்க்கு முதலில் தெரிய வேண்டுவது, மாலை எவ்விடத்தில் அறுபடும் என்பது. எட்டு ஒன்றுகளின் மாலை 11, 73, 101, 137 என நான்கு பகா எண்களாகப் பிரியும். அவற்றுள் 73ஐத் தனியே எடுத்து, எஞ்சிய மூன்றையும் பெருக்கினால் 152207.

ஒன்றுகளால் ஆன எல்லா மாலைகளும் இவ்வாறு அறுபடுமோ? 11 அறுபடாது. 111 என்பது 3ஐ 37ஆற் பெருக்கியது. முத்துகளின் எண்ணிக்கை பகுபடுமாயின் மாலையும் பகுபடும் என்பது எளிதில் விளங்கும். ஆறு ஒன்றுகளை மும்மூன்றாகப் பிரித்தால் 111ஐ 1001ஆற் பெருக்கியதாகும். எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் மாலையும் பகாததாகும் என்று கூறுதற்கில்லை. ஏழு ஒன்றுகளின் மாலை 239, 4649 என இரண்டாகும். பதினேழு ஒன்றுகளின் மாலை 2071723, 5363222357 என இரண்டாகும். ஆனால் பத்தொன்பது ஒன்றுகள்,

1111111111111111111

என்னும் இப்பேரெண் பகாது. நூறு கோடிக்கும் மேற்பட்ட எண்கள் வரை ஒவ்வொன்றாக எடுத்து வகுத்துப் பார்ப்பினும் ஒன்றாவது மீதியின்றி வகுக்காது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இது நிறுவப்பட்டது. பின்னர் 23, 317, 1031 முத்துகள் உடைய மாலைகளும் பகாதவை எனத் தெளிந்தனர்.

அடுத்த மாலையின் கதையே நம் வினாவுக்கு நேரே வருகிறது. 49,081 ஒன்றுகள் கொண்ட எண்ணை ஹார்வி டப்னர் என்பார் 1999இல் கணிப்பொறி கொண்டு சோதித்தார். பகா எண்களுக்குரிய அடையாளங்கள் எல்லாம் அதனிடம் காணப்பட்டன. ஆயினும், அவ்வடையாளங்கள் அரிதாகப் பகு எண்களிடத்தும் காணப்படக் கூடும். ஆதலின் அதனைப் பகா எண் என எவரும் கூறவில்லை. ‘பகா எண்ணாக இருக்கக்கூடியது’ என்னும் அடைமொழியுடனேயே அட்டவணைகளில் வைத்தனர். ஐயம் அணுவளவே. பந்தயம் கட்டுவோர் எவரும் பகா எண் என்றே கட்டுவர். அவ்வணுவளவு ஐயத்துக்காக 23 ஆண்டுகள் அச்சொல்லை விலக்காது வைத்திருந்து, 2022இல் முழுமையான நிரூபணம் கிடைத்த பின்னரே அதனை நீக்கினர். சத்திய விரதம் என்னும் பெயரை அவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள். அறிந்த அளவுக்கு மேல் ஒரு சொல்லும் கூறாமை என்னும் ஒழுக்கம் மட்டும் அவர்களிடம் இருந்தது.

இப்பொழுது கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்று. ‘இருக்கக்கூடியது’ என்ற அச்சொல்லும் நம் ‘ஸ்யாத்’தும் ஒன்றோ? ஒன்று என்றே பலர் எண்ணுகின்றனர். ‘ஒருவேளை’ என ஸ்யாத்தை மொழிபெயர்த்து, ஸ்யாத்வாதத்தை ஐயவாதம் ஆக்கியோர் பிற சமயத்தாருள் பண்டே உண்டு. பிரம்மசூத்திர பாஷ்யத்தில் சங்கரரும் இவ்வழியே நம்மை மறுத்தார். அந்த 49,081 ஒன்றுகளைப் பற்றிய ஐயம் எண்ணின்கண் இல்லை. எண் 1999இலும் பகாததே, 2022இலும் பகாததே. ஐயம் அறிவோரிடத்தே இருந்தது. அறிவு நிறைந்ததும் நீங்கியது. ஸ்யாத் என்னும் சொல்லோ அறிவோன் குறையைக் காட்ட வந்ததன்று. பொருளுக்குப் பல இயல்புகள் உளவாதலின், இன்ன நோக்கில், இன்ன திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் பற்றி இக்கூற்று நிற்கிறது என எல்லை காட்ட வந்தது. அறிவு நிறைந்த பின்னும் ஸ்யாத் நீங்காது. ஐயம் நீங்கக் கூடியது, நீங்கவும் வேண்டியது. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் கூறாமல் ஸப்தபங்கியை மனப்பாடம் செய்விப்பதனால் பயனில்லை என்பது என் துணிபு.

அறிவின் வகைக்கும் இவ்வெண்களிடத்தே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2இன் 67ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்து வரும் 21 இலக்க எண்ணைப் பகா எண் என 1644இல் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி கூறினார். 1876இல் லூக்கா என்னும் கணித அறிஞர் அது பகா எண் அன்று என நிறுவினார். ஆனால் அதனை வகுக்கும் எண் யாது என அவரால் கூற இயலவில்லை. 1903இல் அமெரிக்கரான கோல் என்பாரே அது 193707721, 761838257287 என்னும் இரண்டன் பெருக்கம் எனக் காட்டினார். உடைந்தது என உறுதியாக அறிந்து, உடைந்த துண்டுகளை அறியாதிருந்த காலம் 27 ஆண்டுகள். புகை கண்டு நெருப்பை அறிவது போன்ற பரோக்ஷ ஞானம் எத்துணை உறுதியானதாகவும் எத்துணை வறியதாகவும் ஒருங்கே இருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இனி, எல்லை காட்டும் ஸ்யாத் 17இன்கண் எவ்வாறு பொருந்தும்? இதற்கு மகாவீராசாரியரிடமே மீள வேண்டும். குறை எண், அதாவது ருணம், தன் இயல்பால் வர்க்கம் ஆகாது; ஆதலின் அதற்கு வர்க்கமூலம் இல்லை என அவர் தம் நூலில் தெளிவாகக் கூறுகிறார். இக்கூற்று மெய். நிறை எண்ணைத் தன்னாற் பெருக்கினாலும், குறை எண்ணைத் தன்னாற் பெருக்கினாலும், வருவது நிறை எண்ணே. ஐரோப்பியரோ பதினாறாம் நூற்றாண்டில், அத்தகைய மூலம் ஒன்று உண்டெனக் கொண்டால் என்ன ஆகும் எனக் கணக்கிட்டுப் பார்த்தனர். 1832இல் ஜெர்மானிய அறிஞர் காஸ், முழு எண்களோடு √−1ஐயும் அதன் மடங்குகளையும் சேர்த்து விரிந்த ஓர் எண்ணுலகை முறையாக வகுத்தார். அவ்வுலகில் 17 என்ன ஆகிறது, பாருங்கள்:

(4 + √−1) × (4 − √−1) = 16 + 1 = 17.

நம் க்ஷேத்திரத்தில் எவ்வாற்றானும் கூறுபடாத பதினேழு, காஸின் க்ஷேத்திரத்தில் இரு கூறாகிறது! 5, 13, 29 ஆகியனவும் அவ்வாறே. 4ஆல் வகுத்தால் 1 மிஞ்சும் பகா எண்கள் யாவும் அங்கே உடையும். 3 மிஞ்சுவன உடையா. ஆதலின் படுக்கைகளின் 17 உடைய, ஏழடியின் 7 அங்கும் பகாததாகவே நிற்கிறது. ஒன்றுகளின் மாலை எதுவும் 11 என முடிவதால் 4ஆல் வகுக்க 3 மிஞ்சும். ஆகவே பத்தொன்பது முத்து மாலை அங்கும் அறுபடாது. அதனால் 7 எவ்விடத்தும் பகாதது எனக் கூறலாமோ எனின், கூடாது. √7ஐயும் அதன் மடங்குகளையும் சேர்த்துக்கொண்ட வேறோர் எண்ணுலகில் 7 என்பது √7ஐ √7ஆற் பெருக்கியதே. எந்தப் பகா எண்ணுக்கும் அதன் வர்க்கமூலத்தைக் கொண்டு இவ்வாறு ஓர் உலகு அமைக்கலாம். எல்லா உலகிலும் பகாததாக நிற்கும் எண் ஒன்றுகூட இல்லை.

ஆகவே பிள்ளைகளின் வினாவுக்கு விடை: ஆம், 17 பகா எண் என்னும் கூற்றுக்கும் ஸ்யாத் உண்டு. முழு எண்களாகிய க்ஷேத்திரத்தை நோக்க அது பகாதது; காஸின் க்ஷேத்திரத்தை நோக்க அது பகுபடுவது. ஸ்யாத் அஸ்தி, ஸ்யாத் நாஸ்தி. இரண்டும் மெய், முரண் இல்லை.

ஆனால் இவ்விடத்தே நின்றுவிட்டால் பெருந்தீங்கு விளையும். ‘பார்த்தீர்களா, 17 பகா எண் என்பதும் அவரவர் நோக்கே’ எனச் சொல்லி நடப்போர் வருவர். அவர்களுக்கு விடை நம் நூல்களிலேயே உள்ளது. கூற்றினை ஆசாரியர் ‘ஸ்யாத் அஸ்தி ஏவ’ என ஏகாரம் சேர்த்தே அமைத்தனர். எல்லையைக் கூறிய பின்னர், அவ்வெல்லைக்குள் கூற்று உறுதியானது என்பதே அவ்வேகாரத்தின் பொருள். சமந்தபத்திராசாரியர் ஸ்வயம்பூ ஸ்தோத்திரத்தில், பிரமாணத்தால் அநேகாந்தமும், எடுத்துக்கொண்ட நயத்தால் ஏகாந்தமும் ஆவதால் அநேகாந்தமும் அநேகாந்தமே என்னும் கருத்தை வைத்துள்ளார். முழு எண்களைப் பற்றிப் பேசுகிறோம் என ஒப்புக்கொண்ட பின் 17ஐ உடைக்க இந்திரனாலும் இயலாது. அங்கே ‘என் நோக்கு’, ‘உன் நோக்கு’ என்பன இல்லை.

எங்கேயோ படித்த கணிதம் என்று இதனைத் தள்ள வேண்டா. நம் சங்கக் கூட்டங்களில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். ஆலயக் கணக்கில் வரவுக்கும் செலவுக்கும் இடையே துண்டு விழுகிறது. யாரேனும் கேட்டால், ‘ஒரு வகையில் பார்த்தால் சரி, ஒரு வகையில் பார்த்தால் குறை, எல்லாம் அநேகாந்தம்’ என ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே முடித்துவைக்கிறார். அநேகாந்தத்தின் பெயரால் நிகழும் அசத்தியம் இது. கணக்கு நேராகிறதா இல்லையா என்பது, எந்த ஆண்டு, எந்த நிதி எனக் குறித்த பின்னர், 17 பகா எண்ணா என்பது போன்ற வினாவே. நோக்குகள் பல உண்டெனக் கூறுவோன், தான் எந்த நோக்கில் நின்று பேசுகிறான் என்பதை முதலில் அறிவித்தல் வேண்டும். அறிவிக்காது நழுவுவதற்கு ஸ்யாத்வாதத்தில் இடமில்லை.

இதன் மறுபக்கமும் நம்மிடம் உண்டு. அது பெருமிதத்தால் வருவது. தவளாவில் ஓர் எண்ணை எத்தனை முறை இருகூறாக்கலாம் என்னும் அர்த்தச்சேதக் கணக்கு உண்டு. சுவேதாம்பரரின் அனுயோகத்வார சூத்திரம் மனிதர் தொகையைக் கூறுமிடத்து, 96 முறை இருகூறாக்கத் தக்க 29 இலக்க எண்ணைக் குறிக்கிறது. இரண்டின் 96ஆம் அடுக்கு அது. இவை மெய்யாகவே வியக்கத்தக்கவை. உலகில் வேறு பல நாட்டார் பேரெண்களுக்குப் பெயரும் இன்றித் திகைத்த காலத்தில் நம் முன்னோர் அவற்றை வகைப்படுத்தி, ஸங்க்யாதம், அஸங்க்யாதம், அநந்தம் எனப் பிரித்தனர். ஆனால் இதிலிருந்து, இன்றைய கணிப்பொறிக் கணிதம் முழுவதும் ஆகமத்தில் அடங்கியுள்ளது என மேடையில் முழங்குவது வேறு. இருகூறாக்கும் கணக்கு வேறு, பகா எண்ணைச் சோதிக்கும் கணக்கு வேறு. எந்த எண்ணையும், ஐயத்துக்கு இடமின்றியும் எண்ணின் இலக்கங்களுக்கேற்ற அளவான படிகளிலும் சோதிக்கும் பொது முறையை 2002இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும் அவர் மாணவர் நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவருமே முதலில் அளித்தனர். அவர் பெருமையை அவர்க்கு விடுவோம். பிறர் உழைப்பை நம் முன்னோர் பெயரில் எழுதிக்கொள்வது அசௌரிய விரதத்துக்கும் இழுக்கு. சித்தன்னவாசல் ஓவியத்தையும் முதலில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது என்றே ஆய்வாளர் எழுதினர். இளங்கௌதமன் கல்வெட்டு தெரிந்த பின் ஒன்பதாம் நூற்றாண்டென மாற்றிக்கொண்டனர். இருநூறு ஆண்டுப் பழமை குறைந்ததே என வருந்தி இன்றும் பழைய கதையைக் கூறுவோர் நம்முள் உளர். தாமரையின் நிறம் அதனால் மங்கிவிடவில்லை.

இறுதியாக, மாணவர் சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று கேட்பதுண்டு. 2024 அக்டோபரில், 2இன் 13,62,79,841ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்த எண் பகா எண் எனக் கண்டனர். அதன் இலக்கங்கள் 4,10,24,320. பக்கத்துக்கு இரண்டாயிரம் இலக்கமாக அச்சிட்டாலும் இருபதினாயிரம் பக்கங்களைக் கடக்கும். முதலில் ஓர் இயந்திரம் ‘இருக்கக்கூடியது’ என்றது. பின்னர் வேறோர் இயந்திரம் வேறு சோதனையால் உறுதி செய்தது. அதுகாறும் மனிதர் கண்டவற்றுள் மிகப் பெரிய பகா எண் அது. ‘எல்லாவற்றையும் ஒருங்கே அறியும் கேவல ஞானிக்கு, இதற்கும் மேலான, எல்லாவற்றிலும் மிகப் பெரிய பகா எண் எது எனத் தெரியும் அன்றோ?’ என்பது அவர் வினா.

தெரியாது. அத்தகைய எண் இல்லை. பகா எண்களுக்கு முடிவில்லை என ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே யூக்ளிட் காட்டினார். கையிலுள்ள பகா எண்கள் எல்லாவற்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால், வரும் எண்ணைக் கையிலுள்ள எதுவும் மீதியின்றி வகுக்காது. 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றைப் பெருக்கி ஒன்று கூட்டினால் 30031. அது 59ஐ 509ஆற் பெருக்கியது, இரண்டுமே புதியவை. இவ்வாறு எப்பொழுதும் புதிது ஒன்று தோன்றும். கேவல ஞானம் ஞேயம் அனைத்தையும் அறிவது. மிகப் பெரிய பகா எண் ஞேயம் அன்று, மலடி மகன் போன்றது அது. அதனை அறியாமை அருகன் அறிவுக்குக் குறை ஆகாது. பகா எண்களின் வரிசை அநந்தம் என்பதை, நாம் யூக்ளிடின் படிகளில் ஏறி ஊகித்து அறிகிறோம். அவன் அவ்வரிசையை அநந்தமாகவே காண்கிறான்.